முயல் பதமான வாரம்

வலன்ரைன் இனிமேல் சனிக்கிழமைகளில் ஆம்பிளையாக வாழ்வது என்று முடிவெடுத்தான். மற்ற ஆறு நாளும் எப்படி வாழ்ந்தான் என்று கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

முடிவுக்குக் காரணம் சவிரிமுத்து. சவிரிமுத்து, வலன்ரைனின் மனைவி செலீனுக்குச் சொந்த அண்ணன். கத்தோலிக்கக் கோயிலில் பங்குச் சபைத் தலைவர். கனடாவில், நகரத்துக்கு ஓரமாக இருக்கும் இல்-பிசாரில் தனி வீடு வாங்கிப் போன நாளிலிருந்து சனிக்கிழமைச் செபக்கூட்டம் அவர் வீட்டில்தான். அதில் பாட்டைத் தொடக்கிவைப்பவள் செலீன். அவள் தொடக்காவிட்டால் ஆளுக்கொரு சுருதியில் தொடங்கி, மாதாவுக்கே தலையிடி வந்துவிடும். செலீனும் வலன்ரைனும் இருந்தது கார்ட்டியர்வில்லில், மூன்றாம் மாடியில். அங்கிருந்து இல்-பிசாருக்குப் பஸ் உண்டு. ஆனால் சனிக்கிழமைகளில் அது தனக்கு மனம் வந்தால் வரும். ஆகவே செலீனை ஏற்றி இறக்குவது வலன்ரைனின் கடமை ஆயிற்று.

ஏற்றி இறக்குவதோடு விட்டிருந்தால் அவன் பேசாமல் இருந்திருப்பான். இறக்கிவிட்டுக் காரிலேயே படுத்துக் கிடக்க விடமாட்டார்கள். உள்ளே போக வேண்டும். முழங்காலில் நிற்க வேண்டும். செபம் முடிந்து தேத்தண்ணி வரும்போது சவிரிமுத்து அந்த வாரம் தானே திருத்திய தண்ணீர்க் குழாயைப் பற்றியோ தானே போட்ட மரத்தரையைப் பற்றியோ விளக்குவார். முடிவில், "எங்கடை மச்சானுக்கு ஒரு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியாது" என்பார். கூட்டம் சிரிக்கும். அது பரவாயில்லை. செலீனும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் அவனுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

இந்த நிலையில்தான் ரெஜான் கூப்பிட்டான். ரெஜான் வலன்ரைனோடு மருந்துப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்யும் பிரெஞ்சுக்காரன். சனிக்கிழமைகளில் பிக்கப் வாகனத்தை எடுத்துக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போய், பனியில் முயலுக்குக் கண்ணி வைப்பான். வாகனத்தில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. "வாறியா" என்றான். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வலன்ரைன் போனான்.

வேட்டையில் வலன்ரைன் செய்த வேலை, ரெஜானுக்குப் பின்னால் நின்று குளிருக்குக் கால் உதறியது. கண்ணி வைத்தது ரெஜான். முயல் தானாக நடந்து வந்து மாட்டியது. முதல் முறை வந்தவனுக்கு முயல் கொடுப்பது வழக்கம் என்று ரெஜான் அதை அவன் கையில் திணித்தான். பெரிய முயல். பனியின் நிறம். காட்டில் ஓடி ஓடி முறுகிய உடம்பு.

வீட்டுக்குள் வந்தபோது அது முழுக்க முழுக்க வலன்ரைன் பிடித்த முயலாக ஆகியிருந்தது.

"இஞ்சை பார் செலீன்," என்று குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து அதைக் கிடத்தினான். "நானே பிடிச்சது."

செலீன் அப்போதுதான் பூட்சைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் இல்-பிசாருக்குப் பஸ்ஸில் போனவள். பஸ்ஸுக்குக் காத்துநின்று, போய்ச் சேரும்போது செபக்கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வந்தவள் சத்தம் போடவில்லை. முயலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"நல்ல முயல்" என்றாள்.

கலியாணம் கட்டி இவ்வளவு காலமும் செலீன் சத்தம் போட்டபோதெல்லாம் வலன்ரைனுக்கு ஒன்றும் நடந்ததில்லை. சத்தம் போடாதபோதுதான் எல்லாம் நடந்தது. அன்றைக்கு அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. வெற்றி மயக்கம்.

"இனிச் சனிக்கிழமை சனிக்கிழமை போகப்போறன்" என்றான். "பங்குனி முடியிற மட்டும்தான் முயலுக்குக் காலம். அதுக்குப் பிறகு சட்டம் விடாது. ரெஜான்ரை வாகனத்திலை எனக்கொரு இடம் இருக்கு. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ளை வாறன் எண்டு சொல்ல வேணும். சொல்லாட்டி அவன்ரை மனிசின்ரை தம்பி ஏறியிடுவான். அவன் ஒருக்கா ஏறினால் பிறகு இறங்கமாட்டான்."

"போங்கோவன்" என்றாள் செலீன்.

அழுகைக்கும் சண்டைக்கும்தான் அவன் பதில் தயாரித்து வைத்திருந்தான்.

"போகட்டோ?"

"போங்கோ. ஆனால் ஒரு கதை. நான் இதைத் தொடமாட்டன். பிடிச்ச ஆள்தான் உரிச்சு, வெட்டி, சமைக்க வேணும்."

"ஓம், செய்யிறன்."

"அண்ணையாக்களும் நாங்களும் குடும்பமா இதைத் தின்டு முடிக்க வேணும். உயிரைக் கொன்டுபோட்டு இறைச்சியைக் குப்பையிலை போடுறேல்லை. வேலையிடத்திலை ஆருக்கும் தள்ளிவிடுறதும் இல்லை. இந்த முயல் இருக்கும் மட்டும் இன்னொரு முயலும் வராது, நீங்களும் போறேல்லை. சட்டி வெறுஞ்சட்டி ஆனவுடனை நீங்கள் எங்கையும் போங்கோ. நான் வாய் திறந்து கேக்கமாட்டன்."

வலன்ரைன் கணக்குப் பார்த்தான். ஒரு முயல். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அவ்வளவுதானா. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, உன்ரை விருப்பம்" என்று பெரிய மனது பண்ணிச் சம்மதித்தான்.

அன்றிரவே பல்கனியில் நின்று உரித்தான். ரெஜான் காட்டிக்கொடுத்தபடி பின்னங்கால் மூட்டில் சுற்றிவரக் கீறி இழுத்தான். பிள்ளைக்குச் சுவெட்டர் கழற்றுவதுபோலத் தோல் வந்தது. உள்ளே சதை கருஞ்சிவப்பாக இருந்தது. கொழுப்பு என்று சொல்ல ஒரு பொட்டும் இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தான். முயல் திருப்பி அழுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பாதர் அந்த வாரத்து அறிவித்தல்களை வாசித்தார். வலன்ரைன் அந்த நேரம் பின்னங்கால்களை முழுசாக விடுவதா, இரண்டாகத் தறிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் தீட்டினான்.

"இண்டைக்கே சமைக்கப்போறியளோ?" செலீன் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"பின்னை?"

"உங்கடை விருப்பம். ஆனால் நேற்றுச் செத்த உடம்பெல்லே. சதை விறைச்சுப்போய் இருக்கும். ஒரு நாள் பிரிட்ஜுக்குள்ளை சும்மா கிடந்தால்தான் தானா இளகும். இப்ப அடுப்பிலை வைச்சால் செருப்புத் தோல்தான்."

"நீ தொடமாட்டன் எண்டெல்லே சொன்னனி."

"தொடேல்லையே. சொல்லுறன். அண்ணைக்கு முழுக்கக் கட்டுப்பல். கடிபடாட்டி, சமைக்கவும் தெரியாது எண்டு செபக்கூட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்."

வலன்ரைன் முட்டாள் இல்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பிடித்துவிட்டான். இறைச்சியைப் பழுதாக்கிவிட்டு, தின்ன முடியாமல் பண்ணி, வேட்டைக்குப் போகவிடாமல் செய்வதுதான் அவளுடைய திட்டம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு ரெஜானுக்குப் போன் எடுத்தான். தன் பிரெஞ்சை எல்லாம் கூட்டிச் சேர்த்து விஷயத்தைக் கேட்டான். ரெஜான், "சரிதான், ஒரு நாளாவது கிடக்க வேண்டும். உன் மனிசிக்கு விஷயம் தெரிகிறது" என்றான்.

வலன்ரைனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. முயல் பிரிட்ஜுக்குள் போனது.

திங்கட்கிழமை காலை மறுபடி வெளியே வந்தது. செலீன் மறுபடி கதவில் சாய்ந்தாள்.

"இந்தச் சவ்வெல்லாம் அப்பிடியே விடப்போறியளோ?"

"எந்தச் சவ்வு?"

"இந்த வெள்ளிக் கடதாசி மாதிரிச் சதையை மூடிக்கிடக்கிறது. அதை உரிக்காட்டி எவ்வளவு அவிச்சாலும் சுருங்கி இழுக்கும். பிறகு ரத்தவாடை. காட்டு முயலெண்டால் மரப்பட்டை தின்டு வளர்ந்தது. அந்த மணம் கறியிலை அடிக்கும். உப்பும் வினாகிரியும் விட்ட தண்ணியிலை நாளைக்கு விடியும் மட்டும் ஊற வேணும். இடையிலை தண்ணியை மாத்துங்கோ."

"நாளைக்கு விடியும் மட்டுமோ?"

"அவசரமெண்டால் இப்பவே சமையுங்கோ. அண்ணை வந்து கடிச்சுப் பாக்கட்டும்."

சவ்வை உரிக்க உட்கார்ந்தான். அது உரிகிற சாமான் இல்லை. ஒரு பக்கம் நகத்தால் கிளப்பினால் மறுபக்கம் ஒட்டியது. கத்தி நுனியை விட்டு, இழுத்து, தும்பு தும்பாக எடுத்து முடிப்பதற்குள் அவன் முதுகு விறைத்துவிட்டது. நடுவில் ஒருமுறை, சனிக்கிழமையில் முழங்காலில் நிற்பது இதைவிடச் சுகம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை உடனே விரட்டிவிட்டான்.

பின்னேரம் வேலையில் ரெஜானிடம் கேட்டான். சவ்வு எடுக்கத்தான் வேண்டும் என்றான் ரெஜான். வினாகிரியும் சரி என்றான். தன் மனைவியும் அப்படித்தான் செய்வாள் என்றான். "வியாழன் மத்தியானம், மறந்துவிடாதே. என் மச்சான் இடம் கேட்டு நச்சரிக்கிறான்" என்றும் சொன்னான்.

இதில் விசேஷம் என்னவென்றால், செலீன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றில்கூடப் பிழை பிடிக்க முடியாது. வலன்ரைன் அவள் சொன்னதில் பொய் தேடினான். பொய் இல்லாத இடத்தில் எவ்வளவு தேடியும் என்ன கிடைக்கும். திங்கட்கிழமையோடு சந்தேகத்தை விட்டான். அவளைத் தவறாக நினைத்துவிட்டோமே என்று அவனுக்குச் சிறிது வெட்கமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவனாகவே ஆலோசனை கேட்டான்.

"இனி என்ன செய்யிறது, செலீன்?"

"பப்பாக்காய் இருக்கெல்லே. தோலோடை அரைச்சுப் பூசுங்கோ. இறைச்சியை இளக்கிற விஷயம் அந்தக் காயின்ரை பாலிலைதான் இருக்கு."

முழுக்காயையும் அரைத்துப் பூசி வேலைக்குப் போய் வருமட்டும் ஊறவிட்டால் இன்னும் நல்லது என்று அவன் நினைத்தான். செலீன் கையை மறித்தாள்.

"ஐயோ, வேண்டாம். சின்னத் துண்டு காணும். ஒரு மணித்தியாலம் காணும். கூட விட்டால் கூழாப் போயிடும். பிறகு எலும்பைத்தான் பொறுக்க வேணும்."

அவன் நெகிழ்ந்துபோனான். கெடுக்க நினைப்பவள் இப்படி மறிப்பாளா. பூசியதைக் கழுவி, மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்து இடித்து, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, ரம்பையும் கறுவாவும் போட்டு, மூடியைப் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்தான். கொதிக்க விடாதேங்கோ, கொதிச்சால் இறுகும் என்று செலீன் இருக்கையிலிருந்தே சொன்னாள். அவன் அடுப்புக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து காவல் இருந்தான். கடைசியில் தேங்காய்ப் பால் விட்டு, தேசிக்காய்ப் புளி விட்டான். மூன்றாம் மாடி முழுக்க மணம். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

முள்ளுக்கரண்டியை எடுத்துப் பின்னங்காலில் வைத்தான். அழுத்தவே இல்லை. அது தன்பாட்டில் இறங்கியது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லவில்லை. தன் கையால் ஒரு காரியம் ஒழுங்காக முடிந்த நாள் அவன் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

"சோத்தைப் போடு செலீன். தின்டுபோட்டு வேலைக்குப் போறன்."

"இண்டைக்கோ?"

"பின்னை எப்ப?"

"கறி அடுப்பாலை இறங்கின கையோடை ஆரும் தின்னுவினமே? பழங்கறிதானே ருசி. ஒரு நாள் கிடந்தால் தூளெல்லாம் உள்ளுக்குள்ளை இறங்கும். அதோடை நாளைக்குப் பின்னேரம் அண்ணையைக் கூப்பிட்டிருக்கிறன். கடையிலை வாங்கின முயலை மச்சான் பிடிச்சதெண்டு சொல்லுறாரோ எண்டு கேட்டவர். ஒரு துண்டு குறைஞ்சாலும் நம்பமாட்டார். முழு முயலாக் காட்ட வேணும். முன்னங்கால், பின்னங்கால் எல்லாம்."

"அப்பிடிச் சொன்னவரோ?"

"சிரிச்சுக்கொண்டு சொன்னவர்."

வலன்ரைனுக்குப் பசி போய்விட்டது. நாளைக்குச் சவிரிமுத்து தன் மேசையில் இருந்து, தன் முயலைக் கடித்து, வாய் பேச முடியாமல் இருக்கப்போகும் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. புதன்கிழமை வெறுஞ்சட்டி. வியாழக்கிழமை ரெஜானிடம் சம்மதம். சனிக்கிழமை காடு. அகப்பையில் ஒட்டியிருந்த குழம்பை மட்டும் நக்கிப் பார்த்துவிட்டுச் சட்டியை மூடினான்.

"நான் வெளியிலை பனிக்குள்ளை வைக்கிறன்" என்றாள் செலீன். "நீங்கள் இனித் திறக்காதேங்கோ. நாளைக்கு நானே சூடாக்கிறன். நீங்கள் கிண்டினால் காலெல்லாம் உடைஞ்சுபோம்."

அவன் வேலைக்குப் போனான். அன்றைக்குத் தொழிற்சாலையில் இருந்த எல்லோருக்கும், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும், முயல் இறைச்சி பதப்படுத்தும் முறையை விளக்கினான். தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சவிரிமுத்து விளக்குவதுபோலவே இருந்தது என்பதை அவன் கவனிக்கவில்லை.

புதன்கிழமை லீவு எடுத்திருந்தான். பின்னேரம் செலீன், "அண்ணை வந்து என்னை ஏத்திக்கொண்டு போறார். கோயிலிலை ஒரு அலுவல். முடிச்சிட்டு ரெண்டு பேரும் வாறம்" என்றுவிட்டு இறங்கினாள். என்ன அலுவல் என்று அவன் கேட்கவில்லை. சோறு வைத்தான். நல்ல கோப்பைகளை எடுத்துத் துடைத்தான். பல்கனிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். சட்டி பனிக்குள் பத்திரமாக இருந்தது. மூடிக்கு மேல் அணிலுக்குப் பயந்து செங்கல் வைத்திருந்தது.

கதவு திறந்தது. சவிரிமுத்து தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் கறுப்பாக ஒரு சிலுவை. பின்னால் செலீன். அவள் நெற்றியிலும் அதே சிலுவை.

"என்ன அண்ணை நெத்தியிலை?" என்று வலன்ரைன் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது.

"விபூதி, மச்சான். இண்டைக்கு விபூதிப் புதனெல்லே. ஞாயிற்றுக்கிழமை பாதர் சொன்னவர், கேக்கேல்லையோ?" சவிரிமுத்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தபசுகாலம் தொடங்கியிட்டுது."

மற்ற வீடுகளில் எப்படியோ. செலீன் குடும்பத்தில் தபசுகாலம் என்றால் நாற்பது நாள் விரதம்; உயிர்ப்பு ஞாயிறு வரும்வரை இறைச்சி வாசலுக்கு வராது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து வலன்ரைனும் அப்படித்தான். செலீன் சமைப்பதைத் தின்பவனுக்கு வேறு வழி இருந்ததில்லை.

"உயிர்ப்பு ஞாயிறு இந்த முறை எப்ப?" என்று மெல்லக் கேட்டான்.

"சித்திரையிலை" என்றாள் செலீன்.

முயலுக்குக் காலம் பங்குனியோடு முடிகிறது. வியாழக்கிழமை மத்தியானத்துக்கு இன்னும் ஒரு இரவுதான். வலன்ரைன் சவிரிமுத்துவுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டான்.

"அண்ணை, நீங்கள் பங்குச் சபைத் தலைவரெல்லே. இதுக்கு ஒரு விலக்கு, ஏதாவது இல்லையோ?"

"இருக்கு. வருத்தம் பிடிச்சுப் பாயிலை கிடக்கிறவைக்கு. உமக்கு என்ன வருத்தம்?"

சொல்லத் தொடங்கினால் இரவு காணாது. அவன் எழுந்து பல்கனிக்குப் போனான். தின்னாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணாலாவது பார்த்து இந்த மனுசன் வாயடைத்துப் போகட்டும். செங்கலைத் தள்ளிவிட்டுச் சட்டியைத் தூக்கினான். சட்டி நினைத்த பாரம் இல்லை. மேசையில் வைத்து மூடியைத் திறந்தான்.

உறைந்த குழம்புக்கு நடுவில் ஒரே ஒரு பின்னங்கால்.

"இது என்ன? மிச்சம் எங்கை?"

"நேற்று இறைச்சிக்குக் கடைசி நாளெல்லே" என்றாள் செலீன். "நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு அண்ணையாக்கள் வந்தவை. குடும்பமாச் சாப்பிட்டு முடிக்க வேணும் எண்டுதானே கதை. எல்லாரும் சாப்பிட்டம்."

"மச்சான், நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன்" என்றார் சவிரிமுத்து. குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "இப்பிடி ஒரு பதமான இறைச்சி நான் கனடாவிலை தின்டதில்லை. எலும்பு தன்பாட்டிலை கழண்டு வருது. பல்லைக் கழட்டி வைச்சிட்டுத்தான் தின்டனான்."

இத்தனை வருடம் வலன்ரைன் காத்திருந்த வார்த்தை. அவன் அதைக் கேட்டுக்கொண்டு ஒற்றைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையும் தின்டிருக்கலாமே" என்றான்.

"அதெப்பிடி? அது உங்கடை பங்கு. நல்ல துண்டாப் பாத்து எடுத்து வைச்சனான்."

அவன் கையைச் சட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனான். ஒரு வாய். ஒரு வாயோடு சட்டி வெறுஞ்சட்டி.

"நான் இதை இப்ப தின்டால் என்ன செய்வியள்?"

"தின்னுங்கோ. நான் மறிக்கேல்லை" என்றாள் செலீன். "சனிக்கிழமை செபக்கூட்டத்திலை எல்லாரும் சேந்து உங்கடை ஆத்துமத்துக்காக மன்றாடுவம். பேர் சொல்லித்தான் மன்றாடுறது. என்ன பாவம் எண்டும் சொல்ல வேணும், என்ன அண்ணை?"

"சொல்லத்தான் வேணும்" என்றார் சவிரிமுத்து.

வலன்ரைன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கூட்டம் சிரித்தால் தாங்கலாம். கூட்டம் முழுவதும் முழங்காலில் நின்று அவனுக்காக அழுதால் அதை எப்படித் தாங்குவது.

செலீன் அந்தக் காலை எடுத்து ஈயத்தாளில் சுற்றிப் பிரீசரில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையைத் துடைத்தாள். அவன் வைத்த சோற்றையே கஞ்சியாக்கி மூன்று கோப்பைகளில் வார்த்து, முதல் கோப்பையை வலன்ரைனுக்கு முன்னால் வைத்தாள்.

"சனிக்கிழமை வெள்ளனவா வெளிக்கிட வேணும்" என்றாள். "காரிலை கிடக்கிற பனியை முதலே தட்டி வையுங்கோ."